நாலாவது ஆள்

வீட்டுக்கு வந்து பலகாரம் தின்றுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொன்னால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு, பொதுவான இடத்தில் வைத்துப் பெண்ணைப் பார்த்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பிடாதியும் அவள் அம்மா சொர்ணத்தாயும் தாய்மாமன் கருத்தப்பாண்டியும் தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஆலங்கரை ஜமீன் தோட்டத்துக்கு மூன்று பேராகப் பஸ் ஏறிப் போனார்கள், சாயங்காலம் நான்கு பேராகத் திரும்பி வந்தார்கள்.

மூன்று பேராகப் போனதுதான் தப்பு. நல்ல காரியத்துக்கு மூன்று பேர் சேர்ந்து போனால் விளங்காது என்பது அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முப்பிடாதியின் அப்பா சூரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு லீவு கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டால் பெண் பார்த்த கதையை அவள் மறுநாளே தெருத்தெருவாகச் சொல்லிவிடுவாள். இப்படி ஆள் குறைந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு: ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் தங்கள் வாசலில் கிடக்கிற கல்லைத்தான் எடுப்பார்கள். சொர்ணத்தாய்க்கோ தோட்டத்து கேட்டைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் அந்த ஞாபகமே வந்தது.

"ஏட்டி, நாம மூணு பேருல்லா வந்திருக்கோம்!"

"அதுக்கு என்ன? பஸ்ஸுலயும் மூணு பேராத்தான் வந்தோம். கண்டக்டர் ஒண்ணும் செத்துப் போகலியே," என்றாள் முப்பிடாதி.

"வாயில நல்லதே வராதா உனக்கு? வந்த இடத்துல சாவப் பத்திப் பேசுதா பாரு."

கேட்டிலிருந்து ஆற்றுப் படித்துறை வரைக்கும் பாதை நேராகப் போயிற்று, பாதையின் இரண்டு பக்கமும் மாங்காய் அளவில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த ஆற்றுக் கற்கள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ரோஜாப் பாத்தியைச் சுற்றி, தாமரைக் குளத்தைச் சுற்றி, பச்சை ஜன்னல் வைத்த பங்களாவைச் சுற்றி, எண்ணவே முடியாத அளவுக்குப் பதிந்து கிடந்தன. சொர்ணத்தாய் குனிந்து அதில் ஒன்றைப் பெயர்த்தாள், முந்தானையால் மண்ணைத் துடைத்தாள், "வா தாயி, நீதான் எங்க நாலாவது ஆளு," என்று சொல்லி மடியில் செருகிக்கொண்டாள். கல் ஈரமாக இருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

முப்பிடாதி பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். பெயிலாகி விடவில்லை, யாரும் நிறுத்தவுமில்லை. தலைமையாசிரியை முன்னால் போய் நின்று, "எனக்கு இது மண்டையில ஏறல, உங்களுக்கும் ஏத்தத் தெரியல, ரெண்டு பேரும் எதுக்கு டீச்சர் நேரத்தப் போக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இப்படிப்பட்ட வாயை வீட்டில் வைத்திருக்க முடியாது என்றுதான் சொர்ணத்தாய் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தாள். பதினெட்டு முடிய இன்னும் சில மாதம் இருந்தது. இப்போது பூ வைத்துவிட்டால் அது முடிந்ததும் தாலி என்று கணக்கு.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். கழுத்தில் மைக் மாட்டிய ஒரு ஆள் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போய், இது ஜமீன்தார் குதிரை ஏறின கல், இது ராணியம்மா குளித்த அறை, இது சீமையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வீடு, இந்தப் பாதையைப் போல அழகான பாதை வேறெங்கும் கிடையாது என்று சொல்லிக்கொண்டே போனான். குதிரை ஏறினது, ராணி குளித்தது எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பாதையைப் போட்டது யார் என்று முப்பிடாதி கேட்டாள். "ஜமீன்தார்தான்மா," என்றான். "அவரேவா மண்ணு சுமந்தாரு?" என்று அவள் கேட்டதற்கு மைக்கை அணைத்துவிட்டு நடந்தான்.

நாகலிங்க மரத்தடியில் மாப்பிள்ளை உச்சிமாகாளியும் அவன் அம்மா கோமதியம்மாளும் சொந்தக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். உச்சிமாகாளி செல்போன் கடை வைத்திருந்தான், வந்ததிலிருந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை. பேசியதெல்லாம் கோமதியம்மாள்தான்.

"சமைப்பியாம்மா?"

"பசிச்சா சமைப்பேன்."

"காலையில எப்ப எந்திப்ப?"

"முழிப்பு வரும்போது."

கருத்தப்பாண்டி பலமாக இருமினார். கோமதியம்மாள் தூக்குவாளியைத் திறந்து பெண் வீட்டார் வரிசையில் ஆளுக்கு ஒரு அதிரசமாக வைத்துக்கொண்டே போனாள். மடி கனக்கிறது என்று சொர்ணத்தாய் கல்லை எடுத்துப் பெஞ்சில் பக்கத்தில் வைத்திருந்த இடத்தில் இப்போது முப்பிடாதி வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், முழங்காலுக்குக் கீழே இறங்காத முரட்டுத் துணி, ஈரத் தலை, வகிட்டில் திட்டுத்திட்டாகச் சுண்ணாம்பு. நாலாவது அதிரசம் அவள் கைக்குப் போயிற்று. அவள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். இவள் யார் என்று கேட்கிற நேரம் வந்து போய்விட்டது, பிறகு கேட்டால் அசிங்கம் என்று எல்லாரும் அதிரசத்தைத் தின்றார்கள்.

சாயங்காலம் அவளும் அவர்கள் பின்னாலேயே கேட் வரைக்கும் வந்தாள், கேட்டைப் பூட்ட நின்றவர்தான் பேசினார். "இது எங்க ஆளு இல்லையே," என்று சொர்ணத்தாய் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கதானம்மா ஆளுன்னு சொல்லி எடுத்தீய. எங்காதால கேட்டேன். எடுக்கும்போது ஆளு, போகும்போது இல்லைன்னா எப்படி? பஞ்ச காலத்துல கஞ்சிக்கு மண்ணு சுமந்த சனம் இது. விழுந்து செத்தவங்களுக்குக் கணக்குக் காட்டணும்னு ஆளுக்கு ஒரு கல்லப் பாதையோரம் வச்சான் மேஸ்திரி. பொறவு வந்தவங்க, பாக்க நல்லாருக்குன்னு வெள்ளையடிச்சிட்டாங்க. இத்தன வருசத்துல ஒருத்தரும் அதுகள ஆளுன்னு சொன்னதில்ல. நீங்க சொல்லிட்டீய. கூட்டிட்டுப் போங்க, நான் பூட்டணும்."

கூட்டிக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் நான்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

அவள் பேசவில்லை. சோறு போட்டால் அதில் தண்ணீரை ஊற்றிக் கஞ்சியாக்கிக் குடித்தாள். விடியும் முன்னே எழுந்து வாசல் பெருக்கி, தண்ணீர் சுமந்து, மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு, இன்னும் வேலை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி நின்றாள். மண் வெறுமனே கிடந்தால் பொறுக்கமாட்டாள், கல் பொறுக்கி ஓரம் கட்டிவிடுவாள். அவள் படுத்தெழுந்த பாய் தினமும் காலையில் ஆற்றுத் தண்ணீரில் நனைந்து கிடந்தது, உதறினால் சின்னச் சின்ன நத்தைக் கூடுகள் விழுந்தன. முப்பிடாதி ஒன்றும் நல்லவள் இல்லை. தன் துணியையும் அவளிடமே துவைக்கப் போட்டாள், தலையைப் பின்னிவிடச் சொன்னாள், பின்னும்போது மட்டும், "உம் பேரு என்னட்டி? வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்திரும்?" என்று கேட்டாள். பதிலுக்கு முடியில் சுண்ணாம்பு ஒட்டும்.

கூலி கேட்காத ஆள், சாப்பிடக் கஞ்சி போதும், எதிர்த்துப் பேசாது என்பது ஊருக்குத் தெரிந்ததும் ஊர் சும்மா இருக்குமா? ஐந்து பேர் உள்ள குடும்பம் இரண்டு பேரை வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேராகத் தோட்டம் பார்க்கப் போயிற்று, புதிதாகக் கல்யாணமானவர்கள் பேசாத மாமியாரைக்கூடக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனார்கள், தோட்டத்து வாசலில் கல் தூக்கத் துணிப்பை விற்கிற கடை வந்தது, குடும்பத்துக்கு ஒரு கல் என்று உள்ளே போர்டு வைத்தார்கள், போர்டைப் படித்துக்கொண்டே இரண்டு எடுத்தார்கள். அவசரத்தில் சிலர் ரோட்டோரத்து ஜல்லியை எடுத்து ஆளு, ஆளு என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஜல்லி ஜல்லியாகவே கிடந்தது. ரைஸ் மில் தெய்வநாயகம் மூட்டை தூக்க ஒரு கிழவனைக் கொண்டுவந்தார், டீக்கடையில் கிளாஸ் கழுவ ஒருத்தி வந்தாள், பிள்ளையில்லாத வீட்டில் எடுத்த கல் கைக்குழந்தையோடு வந்து நின்றது, அந்தக் குழந்தையும் அழவில்லை. இவர்களுக்கு ஓட்டுப் போட உரிமை உண்டா என்று ஒரு கட்சிக்காரர் விசாரித்தார். கோயில் கமிட்டி இவர்களுக்குத் தலைவரி உண்டா என்று கூட்டம் போட்டுச் சண்டையில் முடித்தது. இவர்கள் எதனால் செத்தார்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஊர் நிழலில் உட்கார்ந்தது. ஆண்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள், இப்போது பெண்களும் உட்கார்ந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள். பால் செம்பில், இட்லி மாவுப் பாத்திரத்தில், பிள்ளைகளின் முதுகில், எங்கே பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகக் கை அச்சு. பொழுது சாயும்போது மட்டும் எல்லாக் கல்லாட்களும் போட்டது போட்டபடி நின்று, ஆறு இருக்கிற திசையைப் பார்ப்பார்கள். மூட்டை பாதி முதுகில் இருக்கும், குடம் பாதி நிறைந்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் ஊரில் நாய்கூடக் குரைக்காது. பிறகு வேலை தொடரும், ஊரும் தொடர்ந்து பேசும்.

இப்படி இருக்கும்போதுதான் கோமதியம்மாள் தாம்பூலத் தட்டோடு வந்தாள்.

"சொர்ணம் மயினி, சுத்தி வளைக்காமச் சொல்லிருதேன். உங்க பொண்ணு வாய்க்கு எங்க வீடு தாங்காது. அன்னைக்கு உங்ககூட இருந்துச்சே பேசாத பொண்ணு, அதக் குடுங்க."

"அது கல்லு மயினி!"

"இருக்கட்டும். நான் வாக்கப்பட்டு வந்தப்ப என்னைய என்னவா வச்சிருந்தாங்கன்னு நினைக்கிய?"

அதைச் சொல்லும்போது கோமதியம்மாள் சிரிக்கவில்லை. கருத்தப்பாண்டிக்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, "யக்கா, நம்ம வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிக் குடுத்திருவோம், சேத்து வச்ச நகை அப்படியே நம்ம பிள்ளைக்கு மிஞ்சும்," என்றார். வெள்ளிக்கிழமை பூ வைப்பதென்று முடிவாயிற்று. முப்பிடாதி அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். தப்பித்தோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை.

அந்த வாரமே எதிர்வீட்டுத் தாத்தா ஒருவருக்குக் கருமாதி வந்தது. இவர்கள் வீட்டிலிருந்தும் ஆற்றுக்குப் போனார்கள், குடம் சுமக்கக் கல்லாக வந்தவளும் போனாள். கரையில் மணலைக் கூட்டி, செத்தவருக்காக ஒரு கல்லை நட்டு, காரியம் செய்து வைக்கிற மாடசாமி பெயரைக் கேட்டார், மகன் அப்பா பெயரைச் சொன்னான், எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள், மகன் கல்லைத் தூக்கித் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். கல் விழுந்த இடத்தில் வளையம் விரிந்தது. அப்போது அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, காலிக் கஞ்சிக் கலயத்தைச் சிரட்டை அகப்பையால் சுரண்டுகிற மாதிரி. குடத்தைக் கீழே போட்டுவிட்டு முப்பிடாதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். வீடு வரைக்கும் விடவில்லை. விட்ட பிறகு பார்த்தால் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தது, சோப்புப் போட்டும் போகவில்லை.

"அம்மா, அவளுக்கு யாரும் காரியம் பண்ணல. அதான் செத்தும் வேலை பாத்துக்கிட்டுக் கெடக்கா. இவளப் போய் இன்னொரு வீட்டுக்கு அனுப்பணுமா?"

"உன்னைய வேண்டாம்னுட்டு அவளக் கேட்டாங்கள்லா, அந்த வயித்தெரிச்சல்."

"ஆமா, அந்தச் செல்போனுக்கு வாக்கப்பட முடியலன்னு அழுதுகிட்டு இருக்கேன். போம்மா!"

முப்பிடாதி மாடசாமியிடம் போய் நேராகக் கேட்டாள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பேரு வேணும்மா. பேரில்லாமத் தூக்கிப் போட்டா வெறுங்கல்லுதான் விழும். அவ பேரு ஆருக்குத் தெரியும்?"

"வேற ஆராவது பேரு குடுத்தா?"

"குடுக்கலாம். குடுத்தா குடுத்ததுதான். பொறவு அந்தப் பேருக்காரங்க ஊருக்குச் செத்தவங்க. நல்லது பொல்லாததுக்குக் கூப்பிட மாட்டாங்க, கல்யாணம் காட்சி கிடையாது. உயிரோட இருக்கறவ எவ குடுப்பா?"

வெள்ளிக்கிழமை காலையில் வீடு முழுக்கப் பெண்கள். கல்லாக வந்தவளுக்கு மஞ்சள் பூசினார்கள், பட்டுச் சேலை கட்டினார்கள், கட்டக் கட்டச் சேலை ஈரமாயிற்று. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், யார் கையைத் தூக்கினாலும் கை தூக்கினபடியே நின்றது. முப்பிடாதி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களைக்குப் போய் ஒரு பிடி எள்ளை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "தலையில பூ வைக்கதுக்கு முன்னால ஒரு எட்டு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லி அவளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு நடந்தாள். கோயிலுக்குப் போகவில்லை.

ஆற்றில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மணலைக் கூட்டினாள், பக்கத்தில் அவளை உட்காரவைத்தாள். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி பொறுமையாக உட்கார்ந்தாள். முப்பிடாதி முந்தானை முடிச்சை அவிழ்த்து எள்ளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள்.

"கடைசியாக் கேக்கேன். உம் பேரு என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். ஆற்று மணல் கொஞ்சம் உதிர்ந்தது. அவளுக்கும் தெரியவில்லை என்பது அப்போதுதான் முப்பிடாதிக்குப் புரிந்தது.

"சரி, விடு. முப்பிடாதின்னே வச்சுக்கோ," என்றாள். எள்ளும் தண்ணீரும் இறைத்து, "முப்பிடாதி, முப்பிடாதி, முப்பிடாதி," என்று தன் பெயரைத் தானே கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது பட்டுச் சேலை மணலில் சரிந்து கிடந்தது, அதற்குள்ளே மாங்காய் அளவில் ஒரு கல் இருந்தது, சுண்ணாம்பு எல்லாம் போய்க் கறுப்பாக, பிறந்த பிள்ளையின் தலை மாதிரி. அதை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் அழுதுகொண்டே நடந்தாள்.

வீட்டில் தாம்பூலத் தட்டுகள் வரிசையாக இருந்தன. கோமதியம்மாள் பூவோடு எழுந்தாள்.

"பொண்ணு எங்க?"

"ஆத்துல விட்டுட்டேன். காரியம் பண்ணியாச்சு. எம் பேருல."

கருத்தப்பாண்டி அடிக்கக் கை ஓங்கினார், செத்தவளை எப்படி அடிப்பது என்று தெரியாமல் கை அப்படியே நின்றது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். "உசிரோட இருக்கயில உனக்கு நீயே எள்ளு இறைச்சிட்டியே பாவி, உன்னைய இனிமே எவன் கட்டுவான்?" என்று சொர்ணத்தாய் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். கோமதியம்மாள் மட்டும் வாசல்படியில் நின்று முப்பிடாதியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பாதையில்தான் அவர்கள் வந்தார்கள். ரைஸ் மில் கிழவன் முதுகில் மூட்டையோடு, டீக்கடைக்காரி கையில் கிளாஸோடு, குழந்தைக்காரி குழந்தையோடு, அறுத்த புல்லோடு, பாதி நிறைந்த குடத்தோடு, ஊரில் இருந்த அத்தனை கல்லாட்களும் தெருவை அடைத்துக்கொண்டு வந்து, முப்பிடாதி வீட்டு வாசலில் நின்றார்கள். பொழுது சாயவே இல்லை, அதற்குள் ஊர் அமைதியாகிவிட்டது. பின்னாலேயே அவரவர் எஜமானர்கள் ஓடி வந்தார்கள்.

"ஏட்டி, எங்க ஆளுகள என்ன செஞ்ச?" என்று தெய்வநாயகம் கத்தினார்.

முப்பிடாதி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. எங்கிட்ட இருந்தது ஒரு பேரு, அதக் குடுத்துட்டேன். இந்தத் தாத்தாவுக்கு உங்க பேரக் குடுங்க. இப்பவே ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

தெய்வநாயகம் கிழவனைப் பார்த்தார். கிழவன் முதுகு மூட்டையோடு தரையைப் பார்த்து வளைந்திருந்தது. தெய்வநாயகம் பின்னால் நகர்ந்து, கூட்டத்தில் கலந்து, காணாமல் போனார். டீக்கடைக்காரருக்குப் பால் பொங்கிவிடும் என்று ஞாபகம் வந்தது. ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று, பிறகு தெரு முழுக்க.

குழந்தைக்காரி வாசல்படியில் உட்கார்ந்தாள். குழந்தை அழவில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. அடித்துக்கொண்டிருந்த சொர்ணத்தாயின் கை மெதுவாக நின்றது. அவள் குழந்தையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மகளின் மணிக்கட்டில் இருந்த ஐந்து விரலையும் பார்த்தாள். மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"பிள்ளைக்கும் அவளுக்கும் ஒரே பேரு போதுமான்னு மாடசாமிகிட்ட கேளுட்டி," என்றாள். "போதும்னா சொர்ணத்தாய்னு சொல்லிரு."

அன்றைக்கு ஆற்றில் இன்னொரு வளையம் விரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டை ஊர் எதற்கும் கூப்பிடுவதில்லை, அம்மாவும் மகளும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டு தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். மற்ற கல்லாட்கள் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. தெருவின் இரண்டு பக்கமும், ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். வெயிலும் மழையும் அவர்களுக்கு ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிறவர்களும் அவர்களுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். நடக்கும்போது யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஏலே என்றும் ஏட்டி என்றும் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள், தாய்மார்கள் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எப்போதாவது வெளியூர்க்காரர் யாராவது பஸ்ஸிலிருந்து இறங்கி, விஷயம் தெரியாமல், செல்போனில் தன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டால், தெரு முழுக்க உட்கார்ந்திருக்கிற அத்தனை தலையும் ஒன்றாக நிமிர்ந்து அவரைப் பார்க்கும்.